மறு ஒளிபரப்புக்காகப் பதிந்தவை

ஜூன் 6, செவ்வாய்

பெனிட்டா சொன்னதால் இதை எழுதுகிறேன். திருநெல்வேலியிலிருந்து செவ்வாயும் வெள்ளியும் வந்துபோகிற பேச்சுப் பயிற்சிக்காரப் பெண். "அங்கிள், ஆன்ட்டி ஒரு நாளைக்கு என்னென்ன வார்த்தை சொல்றாங்கன்னு ஒரு நோட்டுல எழுதி வைங்க" என்றாள். டயர் கடையில் கொடுத்த டைரி ஒன்று சும்மா கிடந்தது. கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டில் முப்பது வருஷத்துக்கு மேல் டைம் கீப்பராக இருந்து, வந்த பஸ்ஸையும் போன பஸ்ஸையும் நிமிஷக் கணக்கில் எழுதியவனுக்கு இது ஒரு வேலையா?

செண்பகவல்லி இன்று சொன்னவை: "ஆமா" பதினொரு தடவை. "அது" நான்கு தடவை. வேறு இல்லை.

மார்ச் 4 காலை காபி கலந்துகொண்டிருந்தவள் அடுப்படியிலேயே சரிந்தாள். வலது கை, வலது கால், பேச்சு மூன்றும் போயின. கால் மெல்லத் திரும்பிவருகிறது. நாம் பேசுவதெல்லாம் அவளுக்குப் புரிகிறது. பதில் வாய்வரை வந்து நின்றுவிடுகிறது. முதல் ஆறு மாதம்தான் முக்கியம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். மூன்று ஓடிவிட்டது.

"ஆன்ட்டி முன்னாடி ஏதாவது வேலை பார்த்தாங்களா?" என்று பெனிட்டா கேட்டாள். "இல்லம்மா, வீட்லதான் இருந்தா" என்றேன். செண்பகவல்லி இடது கையைக் காதருகே வைத்துப் போன் பேசுவதுபோல் காட்டினாள். பெனிட்டா என்னைப் பார்த்தாள். எனக்குப் புரியவில்லை என்று சொல்லிவிட்டேன்.

ஜூன் 7, புதன்

"ஆமா" ஒன்பது. "அது" ஏழு.

ஓசூரிலிருந்து சங்கரி போன் செய்தாள். ஒரே மகள், அதிலும் கோபக்காரி.

"அப்பா, அம்மா முல்லை டிவில பேசினதை ஏன் பெனிட்டா மேடத்துக்கிட்ட சொல்லல?"

"அது என்ன பெரிய வேலையா?"

"நான் சொல்லிட்டேன்" என்று வைத்துவிட்டாள்.

உண்மையில் அது வேலை இல்லை. 2002, 2003இல் இந்த ஊரில் முல்லை டிவி என்று ஒரு லோக்கல் கேபிள் சேனல் இருந்தது. திங்கள் முதல் வெள்ளிவரை மாலை ஆறு மணிக்கு 'கேளுங்க போடுறோம்' என்று ஒரு நிகழ்ச்சி. நேயர்கள் போன் செய்து பாட்டுக் கேட்பார்கள். அதில் செண்பகவல்லி, 'செண்பா' என்ற பெயரில், போனை எடுத்துப் பேசுவாள். ஒன்றே முக்கால் வருஷம் போனாள். பிறகு அவளாகவே நின்றுவிட்டாள். நான் பஸ் ஸ்டாண்டில் இருக்கும் நேரம் என்பதால் ஒரு நாளும் பார்த்ததில்லை.

ஜூன் 9, வெள்ளி

பெனிட்டா வாசல்படி ஏறும்போதே ஆரம்பித்துவிட்டாள்.

"அங்கிள், இது எவ்ளோ பெரிய விஷயம் தெரியுமா? தினமும் சொல்லிச் சொல்லிப் பழகின வாக்கியம் சில பேருக்கு முதல்ல திரும்பி வரும். கட்டாயம் வரும்னு சொல்ல மாட்டேன். ஆனா ஆன்ட்டியோட சொந்தக் குரலே பதிவுல கெடைச்சா, அது கூடச் சேர்ந்து சொல்ல வைக்கலாம்."

"போட்டுக் காட்டினாப் போதுமா?"

"நீங்க போட்டுக் காட்டினா அது டிவி பாக்குறது. அவங்களே நிறுத்தணும், அவங்களே திருப்பிப் போடணும், கூடவே சொல்லணும். அப்பதான் பயிற்சி. இடது கையால அவங்களுக்கு இயக்க வர்ற மாதிரி ஒரு பிளேயர் பாருங்க."

செண்பகவல்லி எங்கள் இருவரையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். "ஆமா" என்றாள். பிறகு இன்னும் சத்தமாக, "ஆமா."

ஜூன் 10, சனி

ஜெபராஜைப் பார்க்கப் போனேன். முல்லை டிவி நடத்தியவர். இருபது வருஷமாக ஒரே ஊரில் இருந்தும் நாங்கள் பேசிக்கொள்வதில்லை. எதிரே வந்தால் நான் கடிகாரத்தைப் பார்ப்பேன், அவர் செல்போனைப் பார்ப்பார். இப்போது கல்யாண மண்டபங்களுக்குப் பெரிய திரை வாடகைக்கு விடுகிறார்.

கடை வாசலில் ஐந்து நிமிஷம் நின்றேன். அவரே வெளியே வந்து, "வாங்க அண்ணாச்சி. அக்காவைப் பத்திக் கேள்விப்பட்டேன். வரணும்னு நெனச்சேன், நீங்க என்ன சொல்லுவியளோன்னு..." என்று இழுத்தார்.

விஷயத்தைச் சொன்னேன். உள்ளே போய் ஒரு ஹார்டு டிஸ்க்கைக் கொண்டுவந்தார். துணிப்பையில் சுற்றி வைத்திருந்தார்.

"மறுநா காலைல மறு ஒளிபரப்பு போடுறதுக்காகப் பதிஞ்சது. சேனலை மூடினப்ப எல்லாத்தையும் அழிச்சேன். அக்கா நிகழ்ச்சியை மட்டும் அழிக்க மனசு வரல. பதியாம விட்டதும் கெட்டுப்போனதும் போக நூத்தி எண்பத்தேழு நாள் கெடக்கு. ஆனா பழைய காலத்துப் பதிவு, எல்லா மிஷின்லயும் ஓடாது."

டீ வாங்கிக் கொடுத்தார். சர்க்கரை இல்லாமல். எனக்குச் சர்க்கரை இருப்பது இவருக்கு எப்படித் தெரிந்தது என்று தெரியவில்லை.

ஜூன் 11, ஞாயிறு

ஹார்டு டிஸ்க்கை டிவியின் பின்னால் நேராகச் செருகினேன். பட்டியல் வந்தது. ஒவ்வொரு பதிவுக்கும் பெயர் கிடையாது, தேதி மட்டும்தான். அது எனக்குப் பிடித்தது.

முதல் பதிவை அமுக்கினேன். செண்பகவல்லி வந்தாள். மஞ்சள் சேலை, பின்னால் நீலத் துணி, மேஜையில் சிவப்புப் போன், ஒரு சில்வர் குவளையில் பிளாஸ்டிக் பூ. முப்பத்துநாலு வயசு. போனை எடுத்தாள், சிரித்தாள், பேசினாள். சத்தம் இல்லை.

ஒலியைக் கூட்டினேன். நூறுவரை கூட்டினேன். 'இந்த ஒலி வகையை இயக்க முடியாது' என்று திரையின் கீழே ஒரு வரி வந்தது. உதடு மட்டும் ஓயாமல் அசைந்துகொண்டிருந்தது.

பக்கத்து நாற்காலியில் இருந்த செண்பகவல்லி தன்னைத்தானே பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. டிவியை அணைத்துவிட்டு, கறிவேப்பிலை வாங்கப் போகிறேன் என்று கிளம்பினேன். வீட்டில் கறிவேப்பிலை இருந்தது.

ஜூன் 13, செவ்வாய்

பரண்மேல் கிடந்த டிவிடி பிளேயரை இறக்கினேன். முன்பக்கம் பென் டிரைவ் செருகும் ஓட்டை இருக்கிறது. ஹார்டு டிஸ்க்கைப் போட்டால், சாப்பாடு பிடிக்காத பிள்ளை மாதிரி ஏற்றுக்கொள்ளவே மாட்டேன் என்றது. ஜெபராஜிடம் போய் நான்கு பதிவுகளைப் பென் டிரைவில் ஏற்றி வந்தேன். ஓடியது. சத்தமும் வந்தது.

"வணக்கம், முல்லை டிவி! சொல்லுங்க, எங்கேருந்து பேசுறீங்க?"

அவ்வளவுதான், செண்பகவல்லி நாற்காலியில் நிமிர்ந்துவிட்டாள். பெனிட்டா கைதட்டினாள். சொல்லிவைத்த மாதிரி கரண்ட் போனது. திரும்பி வந்தபோது பிளேயர் எல்லாவற்றையும் மறந்து முதலிலிருந்து ஆரம்பித்தது. ரிமோட்டின் பொத்தான்கள் உளுந்து அளவு. பெனிட்டாவே இரண்டு தடவை தப்பாக அமுக்கினாள். இது சரிவராது.

சொன்னவை: "ஆமா", "அது". ஆனால் "ஆமா" இன்று பல தினுசில் வந்தது.

ஜூன் 15, வியாழன்

பைபாஸ் ரோட்டுக் கடையில் இணையத்தோடு இணைக்கிற கறுப்புப் பெட்டி ஒன்றை, பிடிக்காவிட்டால் திருப்பிக் கொடுக்கலாம் என்ற பேச்சில் எடுத்துவந்தேன். "இதுல ஓடாதது எதுவுமே கெடையாது சார்" என்றார் கடைக்காரர். உண்மைதான், ஹார்டு டிஸ்க்கை ஒரே மூச்சில் படித்துவிட்டது. ஆனால் நம் பதிவை எடுப்பதற்குள் சமையல், கிரிக்கெட், சீட்டாட்டம் என்று பத்துக் கடைத்தெருவைத் தாண்டவேண்டியிருக்கிறது.

அதையும் பொறுத்துக்கொள்ளலாம். அந்த ரிமோட்டின் நடுவில் ஒரு மைக் பொத்தான். செண்பகவல்லியின் பெருவிரல் அதில் பட்டுவிட்டது. திரை முழுக்க 'இப்போது பேசுங்கள்' என்று எழுத்து வந்தது. அவள் வாயைத் திறந்தாள். "அ... அது... அது..." என்றாள். 'கேட்கவில்லை. மீண்டும் பேசுங்கள்' என்றது பெட்டி.

ரிமோட்டைச் சுவரில் எறிந்தாள். இடது கையால் இவ்வளவு தூரம் எறிய முடியும் என்று இன்றுதான் தெரிந்தது. சுவரில் சுண்ணாம்பு பெயர்ந்தது. நானும் அந்தப் பெட்டியைச் சில நல்ல வார்த்தைகளால் திட்டினேன். அவளுக்குக் கொஞ்சம் ஆறியது. ரிமோட் உடையவில்லை, மாலையே திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

ஜூன் 17, சனி

ஜெபராஜ், மண்டபத்தில் கல்யாணப் படம் ஓட்டுவதற்கு வைத்திருந்த பழைய மீடியா பிளேயர் ஒன்றைக் கொடுத்தார். செங்கல் அளவு, செங்கல் எடை. இணையம் கிடையாது, மைக் கிடையாது. எதைச் செருகினாலும் ஓட்டுகிறது. கரண்ட் போனாலும் விட்ட இடத்தை நினைவு வைத்திருக்கிறது. பொத்தான் ஒவ்வொன்றும் அவரைக்கொட்டை அளவு.

"ரெண்டு வாரம் வச்சுப் பாருங்க. தோதுப்பட்டா வச்சுக்கிடுங்க" என்றார்.

கிளம்பும்போது அவரிடம் ஒரு உதவி கேட்டேன். கடைசிப் பதிவை மட்டும் ஹார்டு டிஸ்க்கிலிருந்து எடுத்துவிடச் சொன்னேன். அவர் கை கீபோர்டின்மேல் நின்றது. அன்றைக்கு அவரும் அந்த அறையில்தானே இருந்தார்.

"அழிக்க மாட்டேன் அண்ணாச்சி. தனியா பென் டிரைவ்ல போட்டுத் தாரேன். ஒங்க கையிலயே இருக்கட்டும்."

பென் டிரைவ் இப்போது என் ஷேவிங் பெட்டியில் இருக்கிறது. பஸ் ஸ்டாண்டில் இதற்கு 'ட்ரிப் கட்' என்போம். டீசல் இல்லை, டயர் பஞ்சர் என்று ஏதாவது எழுதி ஒரு நடையை நிறுத்திவிடுவது. இதற்கு என்ன காரணம் எழுதுவது என்று தெரியவில்லை, எழுதாமல் விடுகிறேன்.

ஜூன் 18, ஞாயிறு

ரிமோட்டில் தேவையில்லாத பொத்தான்களை எல்லாம் மருத்துவ பிளாஸ்திரி ஒட்டி மறைத்தேன். மேல், கீழ், ஓடு, நில், பின்னால் போ. ஐந்து மட்டும் வெளியே. செண்பகவல்லி அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அடிபட்டுக் கட்டுப்போட்ட ஆள் மாதிரி இருந்தது அது. சிரித்தாள். மார்ச்சுக்குப் பிறகு முழுசாகச் சிரித்தது இன்றுதான்.

பதினைந்தே நிமிஷத்தில் பழகிவிட்டாள்.

ஜூன் 20, செவ்வாய்

தினமும் மூன்று நாள் நிகழ்ச்சி என்று அட்டவணை போட்டிருக்கிறேன். தேதி வரிசைப்படி. செண்பகவல்லி என் அட்டவணையை மதிப்பதில்லை. போனை எடுக்கும் இடம் வந்ததும் நிறுத்துகிறாள், பின்னால் போகிறாள், மறுபடி ஓட்டுகிறாள். ஒரே வணக்கத்தை இருபது தடவை. உதடு கூடவே அசைகிறது.

காலை 11.40க்கு "வண" என்றாள். நான் தண்ணீர்ச் செம்போடு அப்படியே நின்றேன். பெனிட்டா சத்தம் போடாமல் விரலைக் காட்டி, பேசாதீர்கள் என்றாள். "வண. வண." அத்தோடு சரி. சங்கரிக்குச் சொன்னேன், அவள் போனிலேயே அழுதாள்.

ஜூன் 23, வெள்ளி

"வணக்" ஆறு தடவை. "சொல்" இரண்டு தடவை.

நானும் உட்கார்ந்து பார்க்கிறேன். வேறு என்ன செய்ய? இவள் இப்படிப் பேசுவாள் என்று எனக்குத் தெரியாது. தீப்பெட்டி ஆபீஸில் குச்சி அடுக்குகிற ஒரு பெண் பேசுகிறாள், இவள் அவளுடைய சம்பளம், பிள்ளை, தலைவலி எல்லாம் விசாரிக்கிறாள். பேசக் கூச்சப்படுகிறவர்களுக்கு, "பாட்டு பேரு தெரியலேன்னா முனங்கிக் காட்டுங்க, நான் கண்டுபிடிக்கிறேன்" என்கிறாள். கண்டுபிடிக்கவும் செய்கிறாள். ஆஸ்பத்திரியிலிருந்து ஒருவர் தன் அம்மாவுக்காகப் பாட்டுக் கேட்டார். மறுநாள் நிகழ்ச்சி ஆரம்பித்ததும் பாட்டைப் போடாமல், அந்த அம்மா எப்படி இருக்கிறார் என்று கேட்கிறாள்.

வீட்டில் என்னிடம் குழம்பில் உப்புச் சரியா என்று கேட்பாள். நான் தலையாட்டுவேன். வேறு நாங்கள் என்ன பேசினோம் என்று யோசித்துப் பார்க்கிறேன்.

ஜூன் 25, ஞாயிறு

நான் கடைக்குப் போயிருந்த நேரத்தில் பட்டியலின் கடைசிவரை போய்விட்டாள். திரும்பி வந்தபோது திரையில் கடைசி வரி: 19-11-2003. ரிமோட்டால் அந்த வரியைக் காட்டினாள். அதற்குக் கீழே வெறும் இடத்தைக் காட்டினாள். என்னைக் காட்டினாள். கையைக் காதருகே வைத்தாள்.

"அவ்வளவுதான் இருக்கு. ஜெபராஜ் அழிச்சிருப்பாரு" என்றேன்.

ரிமோட்டை மேஜைமேல் வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஜூன் 27, செவ்வாய்

ஒரு வார்த்தை இல்லை. "ஆமா" கூட இல்லை. பெனிட்டா ஒரு மணி நேரம் கெஞ்சினாள். பிளேயர் பக்கம் திரும்பவே மறுக்கிறாள்.

"நல்லா வந்துட்டிருந்தாங்களே அங்கிள். என்ன நடந்துச்சு?"

"தெரியலம்மா."

ஜூன் 30, வெள்ளி

இன்றும் இல்லை. "இப்படி விட்டா, வந்ததும் போயிடும்" என்று பெனிட்டா வாசலில் வைத்து மெதுவாகச் சொன்னாள்.

எழுதிவிடுகிறேன். இந்த டைரியில் ஒரு இடத்தில் பொய் எழுதியிருக்கிறேன். அவளாக நிற்கவில்லை.

2003 நவம்பர் 20, வியாழன். நான் அப்போது நாள் முழுக்க பஸ் ஸ்டாண்ட் மைக்கில் கத்துவேன். மதுரை, சாத்தூர், எட்டயபுரம், எந்த பஸ் எங்கே நிற்கிறது என்று. என் குரல் யாருடையது என்று ஒருவருக்கும் தெரியாது. அன்றைக்கு ஒரு கண்டக்டர், "அண்ணாச்சி, ஒங்க மைக்குக்கு இந்த ஊர்ல யாரும் காது குடுக்கல, அக்கா மைக்குக்குத்தான் மவுசு" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மாலை 6.20க்கு ஆபீஸ் போனை எடுத்து முல்லை டிவியின் நம்பரைச் சுழற்றினேன். அவள் எடுத்தாள். எங்கேருந்து பேசுறீங்க என்று கேட்டாள். "உன் வீட்லருந்துதான் பேசுறேன். போதும், கெளம்பி வா" என்று சொல்லிப் போனை வைத்தேன். ஊரே கேட்டது. எதிர் டீக்கடை டிவியில் என் குரலை நானே கேட்டேன்.

கண்ட ஆண்கள் போன் செய்கிறார்கள், அதனால்தான் என்று சங்கரியிடம் பிறகு சொன்னேன். அது காரணம் இல்லை. பொறாமை. வேறு பெயர் இல்லை அதற்கு.

மறுநாள் அவள் போகவில்லை. அதைப்பற்றி நாங்கள் இன்றுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை. இப்போது பேச நினைத்தாலும் அவளால் முடியாது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

ஜூலை 1, சனி

மாலை ஐந்தரைக்குப் பென் டிரைவை எடுத்துவந்து அவள் இடது கையில் வைத்தேன். "அழிக்கல. நான்தான் ஒளிச்சு வச்சேன்" என்றேன். கோபப்படுவாள் என்று பார்த்தேன். பிளேயரைக் காட்டினாள். செருகினேன்.

பச்சைச் சேலை. அதே சிவப்புப் போன். இரண்டு நேயர்களுக்குப் பிறகு மணி அடித்தது.

"வணக்கம், முல்லை டிவி! சொல்லுங்க, எங்கேருந்து பேசுறீங்க?"

"உன் வீட்லருந்துதான் பேசுறேன். போதும், கெளம்பி வா."

டொக். நான் வைத்த சத்தம் அத்தனை தெளிவாகப் பதிந்திருக்கிறது. அதற்குமேல் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. அன்று டீக்கடைப் பக்கம் திரும்பாமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டேன். அதன்பிறகு யார் அந்தப் பேச்சை எடுத்தாலும் எழுந்து போய்விடுவேன்.

திரையில் செண்பகவல்லி போனைக் கையில் பிடித்தபடி இருந்தாள். மூன்று விநாடி. பிறகு கேமராவைப் பார்த்துச் சிரித்தாள்.

"லைன் கட்டாயிடுச்சு. பரவாயில்ல. இவரு யாருன்னு எனக்குத் தெரியும். நாள் பூரா நம்ம ஊர் பஸ்ஸுக்கெல்லாம் நேரம் சொல்றவரு. நீங்க பஸ்ஸைத் தவறவிடாம வீடு போய்ச் சேர்றீங்கன்னா அது அவரு தொண்டையாலதான். அவருக்குன்னு ஒரு பாட்டுக் கேக்க இதுவரைக்கும் நேரம் கெடைக்கல. அதனால இன்னிக்கு அவருக்காக நானே கேக்குறேன்."

பாட்டு ஓடியது. முடிந்ததும் அவள் வரவில்லை, விளம்பரம்தான் வந்தது. அந்த நீலத் துணிக்கு முன்னால் அவள் உட்கார்ந்தது அதுதான் கடைசி.

நான் தரையில் உட்கார்ந்து அவள் மடியில் தலையை வைத்து அழுதேன். அறுபத்தொரு வயசு ஆள் அழுகிற அழுகையா அது! "தப்புப் பண்ணிட்டேன் செண்பா" என்றேன். அந்தப் பெயரால் நான் அவளைக் கூப்பிட்டது இதுதான் முதல். இடது கையால் என் தலையில் இரண்டு தட்டுத் தட்டினாள். கொஞ்சம் பலமாகவே தட்டினாள்.

ஜூலை 2, ஞாயிறு

காலையில் "ஆமா" திரும்பிவந்தது. காபிக்கு ஒன்று, இட்லிக்கு ஒன்று.

மாலை ஆறு மணிக்கு அவளே பிளேயரை ஓட்டினாள். கடைசிப் பதிவு. மணி அடித்ததும் நிறுத்தினாள். திரையில் அவள் கை சிவப்புப் போன்மேல் நின்றது. என்னைப் பார்த்தாள். கையைக் காதருகே வைத்தாள், பிறகு வாசல் பக்கம் காட்டினாள். இந்தத் தடவை புரியவில்லை என்று நான் சொல்லவில்லை.

வாசலுக்குப் போய் என் செல்போனிலிருந்து அவள் செல்போனுக்கு அடித்தேன். உள்ளே மணி கேட்டது. நான்கு, ஐந்து, ஆறு. இடது கையால் தேடி எடுக்கவேண்டும். ஏழாவது மணியில் எடுத்தாள். மூச்சு மட்டும் கேட்டது.

"வ... வணக்கம்."

முழுசாக. கடைசி எழுத்துவரை.

"சொல்... சொல்லுங்க. எங்... எங்கேருந்து... பேசுறீங்க?"

முப்பது வருஷம் மைக்கில் கத்தியவன், போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"உன் வீட்லருந்துதான்..." என்று ஆரம்பித்தேன். நிறுத்திவிட்டு மறுபடி சொன்னேன். "உங்க வீட்லருந்துதான் பேசுறேன் மேடம். ரொம்ப நாளா லைன் கெடைக்கல."

உள்ளே சிரிப்புச் சத்தம். போனிலும் கேட்டது, ஜன்னல் வழியாகவும் கேட்டது.

"பாட்டு?" என்றாள்.

"நீங்க எதைப் போட்டாலும் கேப்பேன்."

சொன்னவை: வணக்கம். சொல்லுங்க. எங்கேருந்து பேசுறீங்க. பாட்டு.

ஜெபராஜுக்குச் சொல்லவேண்டும், பிளேயர் தோதுப்பட்டுவிட்டது, திருப்பித் தரமாட்டேன் என்று.

பிறகும் லைன் ஓடிக்கொண்டிருந்தது. அவள் என்னவோ முனங்கினாள், என்ன பாட்டு என்று நான் கண்டுபிடிக்கப் பார்த்தேன், முடியவில்லை. எட்டு நிமிஷம் பதினாறு விநாடி என்று செல்போன் காட்டியது. நான் வைக்கவில்லை. அவள்தான் வைத்தாள்.